கீழ் வலது மூலை

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டாய். படிக்கிறாய் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் விலாசத்துக்காக உன் வீட்டுக்காரியிடம் இரண்டு முறை போக வேண்டியிருந்தது. முதல் முறை, "என்ன விஷயம்?" என்று கேட்டுவிட்டு வாசலை மறித்துக்கொண்டே நின்றாள். இரண்டாவது முறை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். நீ வேலை செய்யும் ரேடியோ தொலைநோக்கியைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குச் செல்போனே கூடாதாம், கடிதம்தான் வழியாம். பாப்பா நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள். "அத்தை, அப்பாவுக்கு எழுதினா நான் கேட்டேன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

மாமாவுக்கு முதுகுவலி. எனக்கு வழக்கம்போலத்தான். பக்கத்து வீட்டில் மாடி எடுக்கிறார்கள், நாள் முழுக்க ஒரே இடி. இதையெல்லாம் எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நம் கேமரா ராக்கெட்டில் ஏறி விண்வெளிக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் அங்கிருந்து முதல் இருட்டுப் படங்கள் வந்தன. மூடியைத் திறக்காமல் எடுக்கிற, ஒன்றுமே தெரியக் கூடாத படங்கள். அதில் கீழ் வலது மூலையில் வெளிச்சம் இருக்கிறது. அதே இடம், அதே வடிவம். அங்கே வெற்றிட அறையும் இல்லை, ஜன்னலும் இல்லை, நீ ஒட்டிய டேப்பும் இல்லை. ஆனால் வெளிச்சம் மட்டும் இருக்கிறது.

பதினோரு பேர் சேர்ந்துதான் பார்த்தோம். அன்றைக்கு எந்த இடத்தில், எந்த வடிவத்தில் இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வராது. மூன்று வருடத்துக்கு முன் என் அறிக்கையில் அந்த வெளிச்சத்தைக் கழித்துவிட்டுத்தானே எல்லாருக்கும் படத்தைக் காட்டினேன். எனக்கு மட்டும் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது.

உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அக்கா

*

பிப்ரவரி 21

அக்கா,

அன்புள்ள என்று போடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். வெறும் அக்கா போதும்.

"அவ்வளவுதான்" என்று முடித்திருக்கிறாய். அவ்வளவுதானா? உனக்கு மறந்திருக்காது, ஆனாலும் நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். கேமராவின் சென்சாரை வெற்றிட அறையில் வைத்துக் குளிரவைத்த அன்று ஜன்னலுக்கு மூடி போட்டது நான். மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப் மூன்று சுற்று ஒட்டினேன். ஒட்டியதை நகத்தால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். க்ளீன் ரூமில் எனக்குத் தூசி என்று பெயர் வைத்ததே நீங்கள்தான், அடுத்தவன் கண்ணுக்குத் தெரியாத தூசியெல்லாம் இவன் கண்ணுக்குத் தெரிகிறது என்று. அந்தத் தூசி டேப் ஒட்ட மறந்துவிட்டானாம்.

இருட்டுப் படத்தில் வெளிச்சம் வந்தது. "ஜன்னல் வழியாகக் கசிந்தது, கருவியில் குறை இல்லை" என்று எழுதி, மூத்த சோதனைப் பொறியாளர் என்று கையெழுத்துப் போட்டாய். கசிவு என்றால் கசிய விட்டவன் ஒருவன் வேண்டுமே. விசாரணையில், "மூடி போட்டது யார்?" என்று உன்னைக் கேட்டார்கள். "டெக்னீஷியன்" என்றாய். பக்கத்து நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு தடவை குளிரவைத்துப் பார்த்துவிடலாம் என்று உன்னிடம் கெஞ்சினேன். பதினோரு நாள் ஆகும், திங்கட்கிழமை வெற்றிட அறை அடுத்த குழுவுக்குப் போகிறது என்றாய். சரி. குளிரவைக்க வேண்டாம். வெளியே ஆய்வக விளக்கை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்தாயா? வெளியிலிருந்து கசிகிற வெளிச்சம் என்றால் விளக்கை அணைத்ததும் போயிருக்க வேண்டுமே. சோதனை வேலை தெரிந்த எவனும் முதலில் அதைத்தான் செய்வான். இதை அன்றைக்கே உன்னிடம் கேட்டேன். நீ கோப்பைத் தேடுகிற மாதிரி எழுந்து போய்விட்டாய். இப்போது மறுபடியும் கேட்கிறேன்.

இன்னொன்று. மூன்று வருடத்துக்குள் புது ஆதாரம் கிடைத்தால் என் வேலைநீக்கத்தை மறுபடி விசாரிப்பார்கள். கெடு ஜூன் 30. உன் முதல் கடிதம் வரும்வரை எனக்கு அந்தத் தேதி ஒரு பொருட்டே இல்லை. ஒரு பக்கம் எழுதிக்கொடு. வெளிச்சம் கருவியுடையது, டெக்னீஷியன் மேல் தப்பில்லை என்று எழுதினால் போதும்.

இங்கே எனக்கு வேலை கிரீஸ் போடுவது. தொலைநோக்கியை எல்லாரும் சட்டி என்றுதான் சொல்கிறார்கள். அறுபது அடிச் சட்டி. அது திரும்புகிற பல்சக்கரத்துக்குள் குனிந்து போய், தலை முதல் கால் வரை கறுப்பாகி வெளியே வருவேன். தூசியைப் பார்த்தால் இப்போது உனக்கு அடையாளம் தெரியாது.

பாப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

தம்பி

*

மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஒரு வாரம் காய்ச்சல், பிறகு மூன்று நாள் தொடர்ந்து மீட்டிங்.

மீட்டிங் முழுக்க அந்த மூலையைப் பற்றித்தான். படத்தில் ஆறில் ஒரு பங்கு. டைரக்டர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "மூலைல கொஞ்சம் வெளிச்சம் இருக்கு, அதுக்கு என்ன இப்போ? முழுப் படமுமா கெட்டுப்போச்சு? கழிச்சிட்டாப் போச்சு" என்றார். கழிக்கலாம். வெளிச்சம் போகும், அது கொண்டுவந்த இரைச்சல் போகாது. அந்த மூலையில் மங்கலாக எது இருந்தாலும் இனித் தெரியப் போவதில்லை. மங்கலானதைப் பார்க்கத்தான் அந்தக் கேமராவையே செய்தோம். வானியல்காரர்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள், அந்த மங்கலானவற்றுக்காகவே ஏழு வருடம் காத்திருந்தவர், பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

நீ கேட்ட ஒரு பக்கத்தை எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அடுத்த கேமரா எங்களுக்கா, வேறு இடத்துக்கா என்று மே மாதம் முடிவு செய்கிறார்கள். இப்போது நான் போய் என் அறிக்கையே தப்பு என்றால் சோதனைக் குழுவையே கலைத்துவிடுவார்கள். பதினோரு பேர். இரண்டு பேருக்கு இப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது. மே முடியட்டும். ஜூன் 30க்கு இன்னும் நாள் இருக்கிறது.

விளக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதையெல்லாம் கடிதத்தில் எழுத முடியாது. நேரில் பேசுவோம்.

உடம்பைப் பார்த்துக்கொள். கிரீஸ் தோலுக்கு ஆகாது, கையுறை இல்லாமல் தொடாதே.

அக்கா

*

ஏப்ரல் 10

அக்கா,

நேரில் எப்போது? நீ இங்கே வருவதாக இருந்தால் சொல், சட்டியைத் துடைத்து வைக்கிறேன்.

எடுத்தாயா, எடுக்கவில்லையா என்று கேட்டேன். எடுக்கவில்லை என்றால் "எடுக்கவில்லை, மறந்துவிட்டேன்" என்று ஒரு வரியில் எழுதியிருப்பாய். நேரில் பேசுவோம் என்கிறாய். எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியையும் நீயே சொல்லிவிட்டால் நல்லது.

கையுறை கொடுத்திருக்கிறார்கள். கிழிந்தது.

இங்கே ஒரு விஷயம் நடக்கிறது. என்னை நிரந்தரமாக்கப் போகிறார்கள். நிரந்தரமானால் வளாகத்துக்குள்ளேயே இரண்டு அறை வீடு, பள்ளிக்கூடமும் உள்ளேயே. மூன்று வருடம் கழித்துப் பாப்பாவோடும் அவளோடும் ஒரே வீட்டில் இருக்கலாம். ஆனால் பழைய ஆபீஸிலிருந்து நடத்தைச் சான்று வேண்டும் என்கிறார்கள். எழுதிக் கேட்டேன். உங்கள் பணியாளர் அதிகாரி ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். "மூடியைச் சரியாக ஒட்டாதது என் கவனக்குறைவே என்று ஒப்புக்கொள்கிறேன், இதில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை." கீழே கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறது. போட்டால் அன்றைக்கே சான்று தருவாராம்.

போட மாட்டேன். வீட்டுக்காரியும் போடாதே என்றுதான் எழுதியிருக்கிறாள். மூன்று வருடமாகத் தெருவில் யார் என்ன சொன்னாலும், "அவர் ஒட்டினேன்னு சொன்னா ஒட்டியிருப்பார்" என்று நின்றவள் அவள். பாப்பா அதற்கு மேல். பள்ளிக்கூடத்தில் எவனோ ஒருவன், "உங்கப்பாதானே ராக்கெட்டைக் கெடுத்தாரு?" என்று கேட்டானாம். அவன் சட்டைப் பொத்தான் இரண்டு போய்விட்டது.

படிவம் மேசைமேல் கிடக்கிறது. இங்கே நிரந்தரப் பட்டியலை மூடுகிற தேதியும் ஜூன் 30தான். உன் ஒரு பக்கம் வந்தால் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பழைய வேலைக்கே நிமிர்ந்து வருவேன்.

தம்பி

*

மே 29

தம்பிக்கு,

கேமரா முடிவை ஒரு மாதம் தள்ளிப் போட்டுவிட்டார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜூன் மூன்றாவது வாரத்துக்குள் கட்டாயம் எழுதிக்கொடுத்துவிடுவேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. அக்கா சொல்கிறேன், போடாதே.

அக்கா

*

ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

எடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நீங்கள் எல்லாரும் லீவு. சென்சார் இன்னும் குளிரில்தான் இருந்தது. ஆய்வக விளக்கை அணைத்தேன், கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி வைத்தேன், கதவுக்கு மேலே எரியும் பச்சை விளக்கின்மேல்கூட என் துப்பட்டாவைக் கட்டினேன். பத்து நிமிடப் படம் ஒன்று எடுத்தேன். வெளிச்சம் அப்படியே இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது சென்சாருக்கு உள்ளேயிருந்துதான் வருகிறது, உன் டேப் நன்றாகத்தான் இருந்தது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

மாற்று சென்சார் கிடையாது. வாயைத் திறந்திருந்தால் கேமரா அந்த ராக்கெட்டைத் தவறவிட்டிருக்கும். ஒன்பது வருட வேலை. சின்ன மூலைதானே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். கசிவு என்று எழுதினால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தேன். உன் நினைப்பே வரவில்லை. இதைச் சொல்லத்தான் எனக்கு அதிக வெட்கமாக இருக்கிறது. பிறகு விசாரணை என்றார்கள். ஒரு மெமோவோடு முடியும் என்று இருந்தேன். தம்பிக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று, வேறு டெக்னீஷியனாக இருந்தால் சொல்லியிருக்கக் கூடிய நல்ல வார்த்தையைக்கூட உனக்காகச் சொல்லவில்லை. அது நேர்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

அந்தப் படத்தைச் சோதனைப் பதிவேட்டில் ஏற்றவில்லை. "சும்மா" என்று பெயர் வைத்து என்னிடமே வைத்துக்கொண்டேன். அழித்திருக்கலாம். ஏனோ அழிக்கவில்லை.

கேமரா முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் வரட்டும், போனால் போகட்டும். இன்று காலை மூன்று பக்கம் எழுதி, அந்தப் படத்தையும் சேர்த்து, மேல்முறையீட்டுக் குழுவிடம் நேரில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கியிருக்கிறேன். நகல் இதோடு இருக்கிறது.

மாமாவிடம் சொன்னேன். "மூணு வருஷமா இதை முழுங்கிட்டா என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட?" என்றார். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அந்தப் படிவத்தைக் கிழித்துவிடு. கிழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

அக்கா

*

ஜூன் 17

அக்கா,

நேற்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

தபால் வண்டி இங்கே வாரத்துக்கு ஒரு முறைதான். படிவம் அங்கே போய், சான்று இங்கே திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நேற்றைய வண்டியை விட்டால் அடுத்தது இருபத்துமூன்று, பட்டியல் மூடுவதற்குள் எதுவும் நடக்காது. வண்டிக்காரரை நிறுத்திவைத்துப் பை முழுக்கத் துழாவினேன். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. "யார்கிட்டருந்து எதிர்பாக்கறீங்க?" என்று கேட்டார். "எங்க அக்கா" என்றேன். "அக்காவா, அடுத்த வாரம் வரும் சார், அக்காங்க மறக்க மாட்டாங்க" என்றார். பாவம், நல்ல மனுஷன்.

வண்டியின் பானெட்மேல் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்காரிக்கு இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உன்மேல் கோபம் எதுவும் இல்லை. இருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஒரு பிடிமானமாவது இருக்கும்.

தம்பி

*

ஜூலை 12

அன்புள்ள தம்பிக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. என் கடிதம் இதற்குள் உனக்குக் கிடைத்திருக்கும். மே மாதமே கொடுத்திருந்தால் என்று நீ சொல்ல வேண்டாம், அதை நானே தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று முன்தினம் மேல்முறையீட்டுக் குழு கூடியது. டைரக்டரும் இருந்தார். நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன், அந்த ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து. கேட்டார்கள். நடுவில் யாரும் குறுக்கிடவில்லை. முடித்ததும் டைரக்டர் உன் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். "உங்க தம்பியே ஒத்துக்கிட்டாரேம்மா" என்றார்.

அது கட்டாயத்தில் வாங்கியது என்றேன். படத்தைப் பாருங்கள் என்றேன். "பதிவேட்டுல இந்தப் படம் இல்லையே. எப்போ எடுத்தது, எதுல எடுத்ததுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் ஒருவர். மேலேயிருந்து இப்போது வரும் படங்களில் அதே வெளிச்சம் இருக்கிறதே என்றேன். "ராக்கெட் குலுக்கல்ல ஏதாவது ஆகியிருக்கும். அன்னிக்கு வந்தது வேற, இது வேற." பதிவேட்டில் ஏறாத படம் எடுக்கப்படாத படம் என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் நானே எத்தனை முறை கண்டித்துச் சொல்லியிருக்கிறேன். அதே வாக்கியத்தை என்னிடமே சொன்னார்கள்.

நான் மேசையைத் தட்டினேன். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். டைரக்டர் வெளியே கூட்டிப் போய், "கூடப் பொறந்த பாசம், யாருக்குத்தான் இருக்காது? தம்பிக்காகப் பழியைத் தூக்கி உங்க தலைல போட்டுக்கறீங்க. பெரிய மனசும்மா உங்களுக்கு. ஒரு வாரம் லீவு எடுத்துக்கோங்க" என்றார். அவர் அதை நிஜமாகவே நம்பினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் நான் போனபோது இரண்டு பேர் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

அடுத்த கேமரா எங்களுக்கே கிடைத்துவிட்டது. மேலே இருக்கிற கேமராவின் மூலையைக் கழிக்கிற வேலையையும் என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படமாக உட்கார்ந்து கழிக்கிறேன்.

ஒரே ஒரு வழிதான் மிச்சம். கட்டாயத்தால் கையெழுத்துப் போட்டேன், நான் டேப் ஒட்டினேன் என்று நீ ஒரு வரி எழுதிக் கொடு. அப்போது என் மூன்று பக்கத்தை அவர்கள் ஒதுக்க முடியாது. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். ஒரு வரி.

அக்கா

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்கா,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. விளக்கைப் பற்றிய கடிதத்தை நான்கு முறை படித்தேன். துப்பட்டாவைக் கட்டி மறைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவு கவனமாகச் சோதித்திருக்கிறாய் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்து குத்துகிறது. அரைகுறையாகப் பார்த்திருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

நீ கேட்ட வரியை எழுத மாட்டேன். படிவம் பொய் என்றால் அதை வைத்து வாங்கிய சான்றும் பொய். இங்கே என்னை நிரந்தரமாக்கியதும் அந்தச் சான்றால்தான். ஜூலை 5 முதல் நிரந்தரம். இரண்டு அறையும் கொடுத்துவிட்டார்கள். இங்கேயிருந்தும் துரத்தினால் எனக்குப் போக இடம் இல்லை. இனி நீயும் யாருக்கும் எதுவும் எழுதாதே. உனக்கு மனசு கேட்காமல் மறுபடி போய் உண்மையைச் சொன்னால் அது என் வீட்டுக் கூரையைத்தான் பிரிக்கும்.

அவளும் பாப்பாவும் வந்து இரண்டு வாரம் ஆகிறது. கையெழுத்துப் போட்டதை முன்பே எழுதியிருந்தேன், அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாமான்களை அடுக்கினாள், திரை தைத்தாள், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாள். பேசுகிறாள், சிரிக்கிறாள், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாள், "முன்னாடி ராக்கெட் ஆபீஸ்ல இருந்தாராமே, ஏன் விட்டுட்டார்?" என்று கேட்டபோது மட்டும், "ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு" என்று சொன்னாள். எனக்குக் கேட்கட்டும் என்று சொல்லவில்லை. சுவர் மெல்லிசு, கேட்டுவிட்டது.

உன் கடிதத்தை அவளிடம் காட்டலாம் என்று எடுத்தேன். காட்டினால் அவள் சும்மா இருக்க மாட்டாள், பஸ் பிடித்து உன் வாசலுக்கு வந்து நிற்பாள். அதனால் அடுப்பில் போட்டுவிட்டேன். நீ வைத்த நகலையும் சேர்த்துத்தான்.

நேற்று சாயங்காலம் பாப்பா வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அப்பா, ஒண்ணு கேட்டா நிஜம் சொல்லுவீங்களா?" என்றாள். கேள் என்றேன். "நீங்க டேப் ஒட்டினீங்கதானே? மூணு சுத்து. அந்தப் பேப்பர்ல சும்மாதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்றாள்.

இங்கே அவளுடைய வகுப்பில் இருப்பது எல்லாம் இந்த ஆபீஸ்காரர்களின் பிள்ளைகள். அவளிடம் உண்மையைச் சொன்னால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. முதல் நாளே யாருடைய சட்டைப் பொத்தானாவது போகும்.

"இல்ல பாப்பா, ஒட்டல. மறந்துட்டேன்" என்றேன்.

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு அம்மா இருந்த அறைக்குப் போய்விட்டாள்.

தம்பி